செமினியில் ஒரு மாடி அறை

சனிக்கிழமை காலை, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் நாத்தனார் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து உஷாராணி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு காதில் இயர்ஃபோன். முந்தின நாள் வகுப்பின் பதிவு அதில் ஓடிக்கொண்டிருந்தது. நாக்கு நுனி எங்கே படுகிறது, காற்று எப்போது மூக்கு வழியாகப் போகிறது என்று விரிவுரையாளர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, உஷாராணி நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது. அது வெங்காயத்தால் வந்த நீர்.

நாற்பத்தைந்து வயதில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள் என்று அவள் ஊரான பண்டமாரானில் பேசாத வீடு இல்லை. கிள்ளானில் ஒரு சிறப்புக் குழந்தைகள் மையத்தில் நீண்ட காலம் உதவியாளராக இருந்தவள். அந்த வேலை அனுபவத்தைத் தகுதியாக எடுத்துக்கொண்டு, ஒரு தேர்வும் நேர்காணலும் வைத்து, பேச்சு சிகிச்சைப் பட்டப்படிப்பில் இடம் கொடுத்துவிட்டார்கள். கடிதம் வந்த அன்று கணவர் கமலநாதன் கண்டெய்னர் லோரியைத் துறைமுகத்து கேட் ஓரமாக நிறுத்திவிட்டு, கூட வேலை செய்யும் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். இந்தப் படிப்பு கிள்ளான் பக்கம் எங்கும் இல்லை. செமினிக்குத்தான் போக வேண்டும். விடுதியில் இடம் கேட்டபோது, வெளிமாநிலப் பிள்ளைகளுக்கே கட்டில் போதவில்லை என்றார்கள். பண்டமாரானும் சிலாங்கூர், செமினியும் சிலாங்கூர். "ஒரே மாநிலம்தானே, பக்கம்தானே மேடம்" என்று சிரித்த முகமாகச் சொன்னாள் அலுவலகப் பெண். அந்தப் 'பக்கத்து' ஊருக்குப் போக உஷாராணி விடிவதற்கு முன்பே கொமுட்டர் ரயில் ஏறி, சென்ட்ரலில் மாறி, காஜாங்கில் இறங்கி, பிறகு பஸ் பிடிக்க வேண்டும். இரண்டு வாரம் அப்படிப் போய்வந்தாள். ஒரு நாள் ரயிலிலேயே தூங்கிப்போய், கண் விழித்தபோது காஜாங்கைத் தாண்டிச் சிரம்பான் நிலையத்தில் இருந்தாள்.

"நம்ம வீடு இங்க இருக்கும்போது எதுக்கு இந்த அலைச்சல்? பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து சேரு" என்று இராஜம்மா போனில் கட்டளை போட்டார். கமலநாதனின் அக்கா அவர். கணவர் போய்ச் சேர்ந்து, மகன் ஜொகூரில் குடியேறிய பிறகு, அந்த அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்துகொண்டு, சுற்றிலும் உள்ள ஆபிஸ்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார். போன திங்கட்கிழமை உஷாராணி வந்து சேர்ந்தாள்.

இன்றைக்கு அந்த வீட்டை விட்டுப் போவதற்கு வழி பார்க்கப் போகிறாள். அது இராஜம்மாவுக்குத் தெரியாது.

"அந்த மெஷினைக் காதுல இருந்து எடு. தம்பி வந்தாச்சு" என்றார் இராஜம்மா.

கமலநாதனும் மகள் மலர்விழியும் உள்ளே வந்தார்கள். மலர்விழிக்கு இருபத்து மூன்று வயது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வெங்காயக் கூடையைப் பார்த்தாள். 

"ஏன்க்கா, சனிக்கிழமையுமா ஆர்டர்?" என்றார் கமலநாதன்.

"ஒரு நிச்சயதார்த்தம். வெங்காயத்தைத் தொட வேணாம்னுதான் சொன்னேன். உன் பொண்டாட்டி கேட்டாத்தானே. உட்காருங்க, இடியாப்பம் சூடா இருக்கு."

மூவருக்கும் இலை போட்டுப் பரிமாறினார். தேங்காய்ப்பாலை மறுத்த மலர்விழியின் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினார். உஷாராணி இடியாப்பத்தைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள். இந்த அம்மா நேற்று இரவு அவள் கால் வீங்கியிருப்பதைப் பார்த்து, கேட்காமலேயே தைலம் எடுத்து வந்து தேய்த்துவிட்டார்.

"கொஞ்சம் வெளிய போய்ட்டு வர்றோம்க்கா" என்றார் கமலநாதன், இலையைப் பார்த்துக்கொண்டே.

"போய்ட்டு வாங்க. சாயங்காலம் கீரை ஆயணும், அதுக்குள்ள வந்துருங்க."

 கார் சாலையில் ஏறியதும் கமலநாதன் ஆரம்பித்தார்.

"எனக்கு இது சரியாப் படல உஷா. அக்கா வாய் திறந்து ஒரு வாடகை கேட்டாங்களா? ஒரு வார்த்தை கடிஞ்சு சொன்னாங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன?"

உஷாராணி ஜன்னல் பக்கம் திரும்பினாள். பின்சீட்டிலிருந்து மலர்விழி சொன்னாள்.

"அம்மா இந்த வாரம் ஒரு பக்கம்கூடப் படிக்கலப்பா. புதன்கிழமை கிளாஸ்ல தூங்கிட்டாங்க. லெக்சரர் எழுப்பினாங்களாம்."

"யார் சொன்னா?"

"அம்மாதான் போன்ல சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. அப்புறம் அழுதுட்டாங்க."

கமலநாதன் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்து ஓட்டினார்.

அன்றைக்குப் பார்க்க வேண்டியது இரண்டு இடங்கள், இரண்டையும் மலர்விழிதான் தேடிப் பிடித்திருந்தாள். முதலாவது, பல்கலைக்கழக வளாகத்துக்கு எதிரே ஒரு கொண்டோ அடுக்குமாடியில் ஓர் அறை. காஜாங்கைத் தாண்டும்போது, வந்துகொண்டிருக்கிறோம் என்று சொல்ல ஏஜெண்டுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல் இனிமையாக இருந்தது. அறை காலி, சாவி கையில், கார் நிறுத்த இடமும் உண்டு என்றான். கடைசியில், பாதுகாவலரிடம் கொடுக்க வேண்டும், தங்கப்போகிறவர் பெயர் என்ன என்று கேட்டான்.

"உஷாராணி" என்றாள் மலர்விழி.

 அதே இனிமையோடு, ஓனர் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை, தனக்கு ஒன்றும் இல்லை, ஓனர்தான் அப்படி, சாரி ஆ, என்று சொல்லி வைத்துவிட்டான்.

கமலநாதன் சிக்னல் போட்டு காரைச் சாலையோரம் நிறுத்தினார். இரண்டு கையும் ஸ்டியரிங் மேலேயே இருந்தன.

"அவன் அந்த ரூம்ல போட்டிருக்கிற கட்டில், சோபா எல்லாம் போர்ட்ல இருந்து யார் ஏத்திக்கிட்டு வர்றாங்கன்னு நினைச்சான்?"

"விடுங்கப்பா. என் ஆபிஸ்ல ரெண்டு பேருக்கு இப்படி ஆச்சு. சகஜம்."

"சகஜம்னு சொல்லாதே."

உஷாராணிக்கு அவமானத்தைவிட, கணவரின் காது மடல் சிவந்துபோனதுதான் பெரிதாகப் பட்டது. அவள் கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டாள்.

"திரும்பிடலாமா?" என்று கேட்டாள்.

"ஏன் திரும்பணும்? இன்னொரு வீடு இருக்குன்னு சொன்னாளே" என்று அவர் வண்டியைக் கிளப்பினார். "என் பொண்டாட்டிக்கு இந்த ஊர்ல ஒரு ரூம் கெடைக்காமப் போயிடுமா, பார்த்துடறேன்."

காலையிலிருந்து வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் இப்படித்தான் கட்சி மாறினார். மலர்விழி பின்னாலிருந்து அம்மாவின் தோளை லேசாகக் கிள்ளினாள்.

இரண்டாவது இடம், செமினி பட்டணத்துக்குப் பின்னால் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளில் ஒரு மாடி வீடு. நான்கு மாணவிகள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். ஐந்தாவது அறைக்கு ஆள் தேடுகிறார்கள். ஐந்தாகப் பிரித்தால், உஷாராணிக்குக் கிடைக்கும் கல்விக் கடனுக்குள்ளேயே அடங்குகிற வாடகை.

கேட் திறக்கும் முன்பே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெரியவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் ஞானசம்பந்தம். தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர்.

"பொண்ணு உள்ள போகலாம். அம்மாவும் போகலாம்" என்றார். "சார் நீங்க மட்டும் வெளிய இருக்கணும். கேட்டைத் தாண்டி ஆம்பளைங்க போறதில்ல. இந்த வீட்டு ரூல்."

"நான் அவங்க ஹஸ்பெண்ட் சார்."

"யாரோட ஹஸ்பெண்ட்?"

"அம்மாவோட. அம்மாதான் ஸ்டூடண்ட்" என்றாள் மலர்விழி.

ஞானசம்பந்தம் மூவரையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தார். அவருடைய வீட்டில் இப்படி ஒரு நிலைமை வந்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. யோசித்துவிட்டு, "ஹஸ்பெண்டா இருந்தாலும் ரூல் ரூல்தான் சார். நானே உள்ள போறதில்ல" என்று சொல்லி, தன் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வந்து கேட்டுக்கு வெளியே, மாமர நிழலில் போட்டார். கமலநாதன் உட்கார்ந்தார். மனைவி அந்நியர் வீட்டுக்குள் நடந்து போவதைக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இரண்டு பெண்கள் இருந்தார்கள். மற்ற இருவர் வார இறுதிக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். மூத்தவள் ஆயிஷா, நிபோங் திபாலிலிருந்து வந்து மருந்தியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இன்னொருத்தி ஜெனிட்டா, சரவாக்கில் சிபு ஊர்க்காரி, பொறியியல் மாணவி. ஜெனிட்டாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஆயிஷாவின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

உஷாராணிக்கு நாற்காலி கொடுத்தார்கள். அவள் விளிம்பில் உட்கார்ந்தாள். பல்கலைக்கழக நேர்காணலில்கூட அவள் இப்படி உட்கார்ந்திருக்கவில்லை.

"ஆன்டி, நேராவே கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க" என்று ஆயிஷா ஆரம்பித்தாள். "போன வருஷம் இங்க ஒரு அக்கா இருந்தாங்க. மாஸ்டர்ஸ் படிச்சாங்க. நல்லவங்கதான். ஆனா நாங்க லேட்டா வந்தா எங்கம்மாவுக்கு மெசேஜ் போட்டுருவாங்க."

"எனக்கு உங்கம்மா நம்பர் தெரியாதேம்மா."

"தெரிஞ்சா?"

உஷாராணி யோசித்தாள். சும்மா சமாளிக்கிற பதில் இங்கே செல்லாது என்று புரிந்தது.

"உனக்கு உடம்புக்கு முடியாமப் போனா போன் பண்ணுவேன். மத்ததுக்குப் பண்ண மாட்டேன்."

ஆயிஷா ஜெனிட்டாவைப் பார்த்தாள். மலாயில் மொழிபெயர்த்தாள். ஜெனிட்டா கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டாள். ஆன்டி சமைப்பீர்களா? கேட்கும்போதே கண்ணில் ஆசை மின்னியது. ஆயிஷா முழங்கையால் அவளை இடித்தாள்.

சமைப்பேன், எல்லாருக்கும் சமைத்துப் போடுகிறேன் என்று உஷாராணியின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. எதிரே மலர்விழி அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

"எனக்குச் சமைப்பேன்" என்றாள் உஷாராணி. சொல்லிவிட்டு, அந்தச் சொற்களைத் தானே கேட்டதுபோல நிறுத்தினாள். "ஒரு ஆளுக்கு எப்படிச் சமைக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. கைக்கு அந்த அளவு வராது. இனிமேத்தான் கத்துக்கணும்."

ஆயிஷா சிரித்துவிட்டாள். அதுவரை ஆன்டி என்று ஒரு தூரத்தில் வைத்திருந்த முகம் கொஞ்சம் இளகியது.

"நான் இங்க அம்மாவா வரலம்மா" என்றாள் உஷாராணி. "படிக்க வரேன். கம்ப்யூட்டர்ல டைப் பண்ண எனக்கு ரொம்ப நேரமாகுது. அசைன்மெண்ட் அனுப்புறது எப்படின்னு உங்களைக் கேட்பேன். ஒரே விஷயத்தை ரெண்டு மூணு தடவை கேட்பேன். அது உங்களுக்குத் தொந்தரவா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"அது ஓகே லா ஆன்டி. அதெல்லாம் ஜெனிட்டா பார்த்துக்குவா. அவதான் எங்களுக்கே சொல்லிக் குடுக்கிறா." ஆயிஷா கொஞ்சம் தயங்கினாள். "இந்த கோர்ஸ் ஏன் எடுத்தீங்க? இது கஷ்டமாச்சே."

உஷாராணி மையத்தைப் பற்றிச் சொன்னாள். மாதம் ஒரு தடவை வரும் சிகிச்சை நிபுணர், மிஸ் லிம், தங்கமானவர். ஆனால் அவருக்குத் தமிழ் வராது. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து உஷாராணி சொல்லிச் சொல்லிக் கொடுப்பாள். ஆறு வயதுவரை பேசாத ஒரு சின்னப் பெண், ஒரு நாள் தண்ணீர் என்று சொன்னாள். மிஸ் லிம் அழுதுவிட்டார். அன்றைக்கு மதியமே உஷாராணியைக் கூப்பிட்டு, நான் எத்தனை நாள் உன் வாயை இரவல் வாங்குவது, நீயே போய்ப் படி என்று சொல்லி, விண்ணப்பிக்கும் வழியையும் அவரே காட்டினார்.

"தண்ணீங்கிற வார்த்தைக்கு நாக்கு எங்க போகணும்னு இப்பத்தான் படிக்கிறேன்" என்று முடித்தாள். "அது தெரியாமத்தான் இத்தனை வருஷமா சொல்லிக் குடுத்திருக்கேன்."

ஆயிஷா எழுந்தாள். "வாங்க ஆன்டி, ரூமைப் பாருங்க."

மாடியில், படி ஏறியதும் இடப்பக்கம். வீட்டிலேயே சிறிய அறை அது. ஒரு ஒற்றைக் கட்டில், கதவு சரியாக மூடாத அலமாரி, ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பின்வீட்டுக் கொடியில் பள்ளிச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. மின்விசிறி சுற்றும்போது டக் டக் என்றது.

மலர்விழி அறையைப் போனில் படமெடுத்துக்கொண்டு ஆயிஷாவோடு கீழே போய்விட்டாள். உஷாராணி மேசையின் முன் உட்கார்ந்து, இரண்டு கையையும் அதன் மேல் வைத்தாள். பலகையில் யாரோ பேனாவால் ஏதோ சூத்திரம் எழுதி அழித்திருந்தார்கள். பண்டமாரான் வீட்டில் அவள் படிப்பது சாப்பாட்டு மேசையில். யாராவது சாப்பிட வந்தால் புத்தகத்தை எடுக்க வேண்டும். இராஜம்மா வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்துப் படிக்க வேண்டும். இந்த மேசையிலிருந்து எழுந்திரு என்று யாரும் சொல்லப்போவதில்லை. அந்த எண்ணம் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் திருட்டுத்தனமாகவும் இருந்தது.

கீழேயிருந்து படி வழியாகப் பேச்சுக் குரல் வந்தது.

"அக்கா நீங்க எந்த யூனிவர்சிட்டி?" ஆயிஷாதான் கேட்டாள்.

"நான் படிக்கல" என்றாள் மலர்விழி. "இடம் கெடைச்சுச்சு. சபாவுல. கடல் ஆராய்ச்சி."

"சூப்பர் கோர்ஸ். போகலையா?"

"அப்ப வீட்ல பயந்தாங்க. ஃப்ளைட்ல போற தூரம், தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னு. நானும் பெருசாச் சண்டை போடல." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "சண்டை போட்டிருக்கலாம்னு இப்பத் தோணுது."

அந்தக் குரலில் புகார் எதுவும் இல்லை. மழை பெய்தது, நனைந்தேன் என்பதுபோலத்தான் சொன்னாள். ஆனாலும் உஷாராணி மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அன்றைக்குப் பயந்தவர்களில் தானும் ஒருத்தி. எழுந்து கீழே இறங்கிப் போனாள்.

கேட்டுக்கு வெளியே கமலநாதனும் ஞானசம்பந்தமும் பேசிப் பேசி நண்பர்களாகியிருந்தார்கள். நடுவில் ஒரு பொட்டலம் பிசாங் கோரேங் வாழைப்பழ பஜ்ஜி பாதி காலியாகியிருந்தது.

"என்ன சொன்னாங்க பொண்ணுங்க?" என்று கேட்டார் கமலநாதன்.

"ஒத்துக்கிட்டாங்க."

"நீ?"

"நானும் ஒத்துக்கிட்டேன்."

அவர் தலையாட்டினார். மலர்விழி அறையைப் படமெடுத்திருந்தாள். போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தார்.

"ஜன்னல்ல கம்பி இருக்கா?"

"இருக்கு."

"ஃபேன் சத்தம் போடுமா?"

"கொஞ்சம்."

"நான் உள்ள போக முடியாதுன்னா அதை யார் சரி பண்றது?"

"அந்த சரவாக் பொண்ணு பண்ணிடும் சார்" என்றார் ஞானசம்பந்தம். "என் வீட்டுத் தண்ணிப் பம்பையே அவதான் கழட்டிப் பூட்டினா. கேட்ல நின்னு டூல்ஸ் மட்டும் குடுங்க."

கமலநாதன் சிரித்தார். சிரித்து முடிந்ததும் முகம் என்னவோபோல் ஆனது. "அப்போ ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து விடறேன், வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கிறேன்" என்று காரின் கூரையைப் பார்த்துச் சொன்னார். அக்கா வீட்டில் விட்ட இந்த ஒரு வாரம் போக, திருமணமான நாளிலிருந்து அவர் மனைவியைத் தாய்வீட்டுக்குக்கூடத் தொடர்ந்து இத்தனை நாள் அனுப்பியதில்லை.

திரும்பும் வழியெல்லாம் ஒரே ஜாம். காஜாங்கில் ஊர்ந்துகொண்டிருந்தபோது கமலநாதன் சொன்னார்.

"அக்காகிட்ட போன்லயே சொல்லிடலாம். நேரா வீட்டுக்குப் போயிடலாம்."

"வேணாங்க. நேர்லதான் சொல்லணும்."

"நான் சொல்லட்டுமா?"

"சாப்பிட்டது நான், படுத்தது நான். நீங்க சொன்னா நல்லா இருக்காது."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. இராஜம்மா கூடத்தில் பேப்பரை விரித்து முளைக்கீரையைக் குவித்து வைத்திருந்தார். நிச்சயதார்த்த வீட்டுச் சாப்பாடு போய்விட்டது. இது நாளைக்குச் சொந்தச் சமையலுக்கு. தம்பி குடும்பம் தங்கிவிட்டுப் போகும் என்று நினைத்திருக்கிறார்.

உஷாராணி அவர் எதிரே உட்கார்ந்து ஒரு கட்டை எடுத்து ஆயத் தொடங்கினாள். கமலநாதன் வாசலருகே நின்றார். மலர்விழி தேநீர் போட அடுப்படிக்குப் போனாள்.

"அண்ணி, செமினியில ஒரு ரூம் பார்த்துட்டு வர்றோம்."

இராஜம்மாவின் கை நிற்கவில்லை. "யாருக்கு?"

"எனக்கு. காலேஜ் பக்கத்துல. பொண்ணுங்க இருக்கிற வீடு."

இரண்டு தண்டு, மூன்று தண்டு. பிறகு கை நின்றது.

"இங்க என்ன குறை வச்சேன் உனக்கு?"

"குறையே இல்ல அண்ணி. அதான் கஷ்டம்." உஷாராணி கீரையைக் கீழே வைத்தாள். காரில் வரும்போது ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எதுவும் ஞாபகத்தில் இல்லை. "நீங்க படுத்துக்கோன்னுதான் சொல்றீங்க. ஆனா விடியறதுக்கு முன்னாடி நீங்க எழுந்து பாத்திரத்தை நகர்த்துற சத்தம் கேட்டா, என்னால படுத்திருக்க முடியல. கை தானா வந்து வெங்காயத்தை எடுத்துக்குது. புத்தகத்தை விரிச்சா, நீங்க அங்க தனியா நிக்கிறது கண்ணுக்குத் தெரியுது. உங்க மேல தப்பு இல்ல. நான் அப்படியே பழகிட்டேன்."

இராஜம்மா மடியில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டார்.

"எனக்குத் தெரிஞ்சவங்க இருக்கிற எந்த வீட்லயும் என்னால சும்மா உட்கார முடியாது அண்ணி. யாரும் இல்லாத எடத்துலதான் எனக்குப் படிப்பு வரும்போல இருக்கு."

கமலநாதன் வாசலில் கால் மாற்றி நின்றார். அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்து சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

இராஜம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நீ அந்த ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு ஆ, ஈன்னு சத்தம் போட்டுப் படிச்சியே. அடுத்த வீட்டுக்காரிகூட என்னான்னு கேட்டா. எங்க வீட்ல பெரிய படிப்பு நடக்குதுன்னு சொன்னேன்." குரல் கொஞ்சம் தடுமாறியது. "வீட்ல ஆள் இருக்கிற சத்தம். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

"புதன்கிழமை எனக்கு மதியத்தோட கிளாஸ் முடிஞ்சிடும். வந்துட்டுப் போறேன் அண்ணி."

"வரணும்னா சாப்பிட வா. வெங்காயத்தைத் தொட்டா கையை உடைப்பேன்." இராஜம்மா கீரையை மறுபடி கையில் எடுத்தார். "அந்தப் பொண்ணுங்க உன்னைச் சமைக்கச் சொல்லுங்களா?"

"ஒருத்தி கேட்டா. எனக்கு மட்டும்தான்னு சொல்லிட்டேன்."

"நீயா சொன்னே?" இராஜம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "பொழச்சுக்குவே. அதுங்களுக்கு ஆக்கிப் போட்டேன்னு கேள்விப்பட்டேன், டாக்சியாவது பஸ்ஸாவது பிடிச்சு நேரா வந்து உன்னை இழுத்துக்கிட்டு வந்துருவேன்."

"அந்த வீட்டுக்குள்ள ஆம்பளைங்க போகக்கூடாதாம்க்கா" என்றார் கமலநாதன், தைரியம் வந்தவராக. "என்னைக் கேட்டுக்கு வெளிய உட்கார வச்சுட்டாங்க."

"நல்ல வீடு. உன்னை அங்கயே வச்சிருக்கலாம்."

மூவரும் சிரித்தார்கள். காலையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாத உஷாராணிக்குப் பசித்தது. கமலநாதன் கூடத்துக்குள் வந்து, மலர்விழி நீட்டிய தேநீர்க் கோப்பையை வாங்கி, ஒரு வாய் குடித்து, "ஆஹா" என்றார். வெளியே சென்ட்ரல் பக்கமிருந்து ரயில் போகும் சத்தம் கேட்டது. கீரைக் குவியல் பாதியாகக் குறைந்தது. இராஜம்மா, அறைக்குத் தலையணை உறை உண்டா, இல்லையென்றால் இங்கிருந்து இரண்டு எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மலர்விழி எல்லாருக்கும் தேநீர் கொடுத்துவிட்டு, அத்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அம்மா இருந்த ரூமை வாடகைக்கு விடப்போறீங்களா?"

"யாருக்கு விடறது? கண்டவங்களை எல்லாம் வீட்டுக்குள்ள விட முடியுமா."

"அப்போ எனக்குத் தர்றீங்களா? திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும்."

இராஜம்மாவின் கண் விரிந்தது. சந்தோஷம் வரலாமா கூடாதா என்று தெரியாமல் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்கு எதுக்கு ரூம்?" என்றார் கமலநாதன். "பெட்டாலிங் ஜெயாவுக்கு வீட்ல இருந்துதானே போய்க்கிட்டு இருக்கே."

"போய்க்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்புறம் என்ன?"

மலர்விழி கோப்பையைத் தரையில் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயமும் இல்லை. நெடுநாள் யோசித்து முடிவு கட்டிய அமைதி அது. மாடிப்படி வழியாகக் கேட்ட குரல் உஷாராணிக்கு நினைவு வந்தது. இவளும் படிக்க எங்கேயோ விண்ணப்பம் போட்டிருக்கிறாள். போட்டுவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"உட்காருங்கப்பா" என்றாள் மலர்விழி. "நின்னுக்கிட்டுக் கேட்டா உங்களுக்குக் கோவம் வரும்."

கமலநாதன் உட்காரவில்லை. மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பண்டமாரான் வீட்டில் இனி ஐந்து நாளும் யார் இருப்பார்கள் என்ற கேள்வி அவர் கண்ணில் தெரிந்தது.

உஷாராணி கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். கணவரின் பக்கத்தில் போய் நின்றாள்.  பிறகு அவர் கையிலிருந்த கோப்பையை மெதுவாக வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து, இந்தத் தடவை மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.